கழக்கூட்டத்தில் ஒரு வானொலிப் பித்தர்

கழக்கூட்டம் என்னும் பெயரைக் கேட்டவுடன், திருவிதாங்கூர் வரலாறு அறிந்த முதியவர்களுக்கு எட்டு வீட்டுப் பிள்ளைமார் நினைவுக்கு வருவர். இன்றைய இளைஞர்களுக்கோ டெக்னோபார்க் நினைவுக்கு வரும். 1990-ஆம் ஆண்டில் தோன்றிய அந்தத் தொழில்நுட்பப் பூங்கா, நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் மதுரையிலிருந்தும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களை இவ்வூருக்கு அழைத்து வந்திருக்கிறது. அத்தகைய குடும்பம் ஒன்றின் தலைவர் தம் வீட்டில் நடத்திவரும் சில சோதனைகளை நம் சங்கத்து நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தம் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பவில்லை. ஆகவே ‘அன்பர்’ என்றே அவரைக் குறிப்பிடுவோம்.

அன்பருக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து ஊதியம் ஈட்டுகிறார். இரவில் சால்டரிங் கோலும் கம்பிச் சுருளுமாக அமர்ந்து ஊதியமின்றி உழைக்கிறார். தந்தையார் மறைந்தபின் அவருடைய தாயார் மகனோடு வந்து தங்கினார். எழுபது ஆண்டுகள் தாமிரபரணிக் கரையில் வாழ்ந்த அம்மையாருக்கு ஒன்பதாவது மாடி வீடு ஒரு கூண்டாகவே தோன்றியது. அண்டை வீட்டார் நல்லவர்கள்தாம். அவர்கள் பேசும் மலையாளம் இவருக்கு முக்கால் பங்கு விளங்கும். ஆனால் மறுமொழி கூற நாவெழாது. பேரக் குழந்தைகளோ பள்ளியிலிருந்து மூன்று மொழிகளைச் சுமந்துகொண்டு வருகின்றனர். அவற்றுள் தமிழ் இல்லை. மெல்ல மெல்ல அம்மையார் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒரு நாளில் நான்கைந்து வாக்கியங்களே அவர் வாயிலிருந்து வந்தன என்று அன்பர் கூறுகிறார். புலம்பெயர்ந்து வாழும் நம் இல்லங்கள் பலவற்றில் இந்த மௌனம் குடிபுகுந்திருப்பதை நேயர்கள் அறிவர்.

தொலைக்காட்சிப் பெட்டியில் தமிழ் நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. ஆயினும் அம்மையார் கேட்டது தொலைக்காட்சியை அன்று. 1963-ஆம் ஆண்டில் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையத்தைக் கேட்டுக்கொண்டே கோலமிட்டுக் காப்பி போட்டவர் அவர். அக்குரல் இல்லாமல் விடிந்தது விடிந்ததாகத் தோன்றவில்லை போலும். அரசாங்க வானொலி நிலையங்களையெல்லாம் இணையத்தின் வழியே தரும் ‘நியூஸ் ஆன் ஏர்’ என்னும் செயலியைத் தம் பழைய கைப்பேசியில் நிறுவி அன்பர் தாயாரிடம் கொடுத்தார். இரண்டு நாளில் அது திரும்பி வந்துவிட்டது. திரையைத் தொட்டால் ஒன்று போய் வேறொன்று வருகிறது. விரல் பட்டதும் படாததுமாக யாரோ ஒருவருக்கு அழைப்புப் போய்விடுகிறது. “எய்யா, இதுல திருவுறதுக்கு ஒண்ணுமே இல்லையே” என்று அம்மையார் கூறினாராம். அந்த ஒரு சொல்லே அன்பரின் சோதனைகளுக்கெல்லாம் வித்து.

முதற்கண் அவர் ஒரு சிறிய டிரான்சிஸ்டர் ரேடியோவை வாங்கினார். திருநெல்வேலி ஒலிபரப்பும் மத்திய அலை 1197 கிலோஹெர்ட்ஸ். திருவனந்தபுரம் நிலையத்தின் அலையோ 1161. இரண்டிற்கும் இடையே நான்கே படிகள். உள்ளூர் நிலையம் வலிமை மிக்கது. அதன் ஓசை அண்டை அலைகளின்மீதும் வழிந்தோடுகிறது. கழக்கூட்டத்திற்கும் திருநெல்வேலிக்கும் நேர்கோட்டில் அளந்தால் தொண்ணூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகும். அவ்வளவுதான் தூரம். எனினும் நடுவே பொதிகை மலைத்தொடர் நிற்கிறது. அகத்தியமலைச் சிகரம் 1,868 மீட்டர் உயரமுடையது. பண்பலை அதனைத் தாண்டி வாராது. மத்திய அலை நிலத்தைத் தழுவி நகரும் இயல்புடையதாதலின், மெலிந்தேனும் வந்து சேரும். அவ்வாறு வந்ததை உள்ளூர்ப் பேரோசையினின்று பிரித்தெடுப்பதே வித்தை.

இங்கே நேயர்கள் தம் வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க ஓர் எளிய உண்மையைக் கூற வேண்டும். டிரான்சிஸ்டர் ரேடியோவின் உள்ளே, விரல் நீளத்தில், கறுப்பு நிறத்தில் ஃபெரைட் தண்டு ஒன்று கிடக்கும். அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். மத்திய அலைக்கு அதுவே ஏரியல். வெளியே இழுத்து நீட்டும் கம்பிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இத்தண்டின் பக்கவாட்டில் வரும் அலையை அது நன்றாகப் பற்றும். முனை நோக்கி வரும் அலையைப் பெரும்பாலும் விட்டுவிடும். அன்பரின் வீட்டிற்கு உள்ளூர் நிலையம் தெற்கே இருக்கிறது, திருநெல்வேலி கிழக்கே இருக்கிறது. ஆகவே தண்டு வடக்கு தெற்காக அமையுமாறு ரேடியோவைத் திருப்பி வைத்தால் திருவனந்தபுரம் அடங்கும், திருநெல்வேலி எழும். மேசைமீது ஒரு சாக்குக்கட்டியால் கோடு கிழித்து, பெட்டி அக்கோட்டை விட்டு நகரலாகாது என்று வீட்டாருக்கு உத்தரவு போட்டார் அன்பர். வேலைக்காரப் பெண் தூசு துடைக்கும்போது பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டால் அன்று மலையாளம்தான்!

அடுத்து அவர் செய்தது சட்ட ஏரியல். பக்கத்திற்கு ஒரு மீட்டர் அளவில் மரச் சட்டம் ஒன்றைச் சிலுவைபோல் அமைத்து, அதன் நான்கு முனைகளிலும் கம்பியை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, பழைய ரேடியோவிலிருந்து எடுத்த ‘கேங்’ ஒன்றை இரு நுனிகளுக்கும் இடையே இணைத்தார். இதற்கு மின்சாரம் தேவையில்லை. ரேடியோவோடு கம்பித் தொடர்பும் வேண்டா. அருகில் வைத்துக் கேங்கைத் திருப்பினால், குறித்த அலையில் சட்டம் ஒத்திசைந்து, தான் திரட்டிய ஆற்றலை ஃபெரைட் தண்டுக்கு ஊட்டுகிறது. முணுமுணுப்பாக இருந்த குரல் முன்னே வந்து நின்று பேசியது. அம்மையார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “இது நம்ம திருநெல்வேலியா பேசுது?” என்று கேட்டார். அன்று அவர் பேசிய வாக்கியங்களை யாரும் எண்ணவில்லை.

இத்தனையும் செய்தபின்னும் ஒரு பகை எஞ்சியது. அஃது இரைச்சல். நம் முன்னோர் ரேடியோ கேட்ட நாளில் வீட்டில் இருந்தவை இரண்டு பல்பும் ஒரு விசிறியும்தாம். இன்று எல்.ஈ.டி. விளக்கு, கைப்பேசிச் சார்ஜர், இன்வர்ட்டர், இணையப் பெட்டி ஆகிய ஒவ்வொன்றும் தன்னளவில் ஒரு குட்டி ஒலிபரப்பியாய் இருந்துகொண்டு, மத்திய அலையிலும் சிற்றலையிலும் ‘கிர்’ என்ற ஓசையைப் பரப்புகிறது. குற்றவாளியைக் கண்டுபிடிக்க அன்பர் கையாண்ட முறை எளிது: ரேடியோவைப் பாட்டரியில் இயக்கிக்கொண்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவது. இரைச்சல் நின்றால் பகைவன் வீட்டினுள் இருக்கிறான். பின்னர் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அவர் வீட்டில் அகப்பட்டது பேரனின் படிப்பு மேசை விளக்கு. அதனை மாற்ற நாற்பது ரூபாய்கூட ஆகவில்லை என்கிறார்.

இரவு வேளையில் காட்சியே மாறிவிடுகிறது. பகலில் வானின் தாழ்ந்த மின்னணு அடுக்கு மத்திய அலைகளை விழுங்கிவிடும். கதிரவன் மறைந்ததும் அவ்வடுக்குக் கரைகிறது. அலைகள் அதற்கும் மேலே சென்று மோதி நெடுந்தொலைவில் இறங்குகின்றன. கடலுக்கு அப்பாலுள்ள இலங்கையும், வடநாட்டு நிலையங்களும் அப்போது வரும். ஆனால் கழக்கூட்டத்து வானுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பொழுது சாய்ந்து ஓரிரு மணிக்குப்பின் சிற்றலைக் குரல்கள் பறவையின் சிறகடிப்புப்போல் படபடக்கும். ரேடியோ கெட்டுவிட்டது என்று கருதிப் பலர் அதனைக் குலுக்குவர். பழுது ரேடியோவில் இல்லை. பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் மாலைக்குப்பின் மேலடுக்கு கொந்தளிப்பதால் நேர்வது இது.

இவ்வூருக்குச் சில கிலோமீட்டர் மேற்கே கடற்கரையில் தும்பா இருப்பதற்குக் காரணமும் அந்தக் காந்த நடுக்கோடுதான். பகலில் அக்கோட்டிற்கு மேலே, நூறு கிலோமீட்டரை ஒட்டிய உயரத்தில், கிழக்கு மேற்காக ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. பலூன் அந்த உயரத்தை எட்டாது. செயற்கைக்கோள் அதற்கு மேலே பறந்துவிடும். ராக்கெட் ஒன்றே அங்குச் சென்று அளக்க வல்லது. விக்ரம் சாராபாய் இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்ததும், மீனவர் ஊரின் மரியமகதலேனாள் ஆலயம் ராக்கெட் நிலையத்தின் அலுவலகமானதும், 1963 நவம்பர் 21 அன்று மாலை முதல் ராக்கெட் எழுந்து சோடிய ஆவியால் வானில் செம்மஞ்சள் மேகத்தைத் தீட்டியதும் பலரும் அறிந்தவை. அப்பணியில் ஈடுபட்ட இளைஞர்களுள் ராமேசுவரத்து அப்துல் கலாமும் ஒருவர். நம் அடுக்களை ரேடியோவில் கேட்கும் படபடப்பையும் அந்த ராக்கெட்டுகள் தேடிச் சென்றவற்றுள் ஒன்றாகக் கொள்ளலாம்.

பொழுதுபோக்காளர் கையில் தொடங்கிய கலைதான் இது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். சென்னையில் முதல் ஒலிபரப்பை நடத்தியது அரசாங்கம் அன்று. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்னும் பொறியாளர் இங்கிலாந்திலிருந்து திரும்புகையில் ரேடியோ உறுப்புகளைக் கொண்டுவந்து, நண்பர்களைச் சேர்த்து, 1924 மே 16 அன்று சென்னை மாகாண ரேடியோ கிளப்பை நிறுவினார். அவ்வாண்டு ஜூலை 31-இல் எழும்பூர் ஹாலோவே தோட்டத்திலிருந்து நாற்பது வாட் ஆற்றலில் ஒலிபரப்புத் தொடங்கியது. இன்று ஒரு மேசை விசிறி உண்ணும் மின்சாரம் அதைவிட அதிகம்! பணமில்லாமல் 1927-இல் கிளப் மூடப்பட்டது. கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குச் சென்றது. மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் ஒலிபரப்பியது. அகில இந்திய வானொலி சென்னையில் கால் ஊன்றியது 1938 ஜூனில்தான். கடலுக்கு அப்பாலும் கதை ஏறக்குறைய இதுவே. கொழும்பில் தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர், முதல் உலகப் போரில் கைப்பற்றிய ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் உறுப்புகளைக் கொண்டு ஒலிபரப்பி சமைத்தார். 1925 டிசம்பர் 16-இல் அங்கே வானொலி முறைப்படி தொடங்கியது. பின்னாளில் மயில்வாகனனாரும் கே. எஸ். ராஜாவும் தமிழகத்து வீடுகளுக்குள் உறவினர்போல் நுழைந்தது அந்த நிலையத்தின் வழியாகத்தான். திருவிதாங்கூர் அரசு திருவனந்தபுரத்தில் வானொலி தொடங்கியது 1943 மார்ச் 12-இல். 1950 ஏப்ரல் முதல் நாளில் அது மத்திய அரசின் வசமாயிற்று.

தொலைக்காட்சி வந்தபோதும் தெற்கத்தியார் வாளாவிருக்கவில்லை. இலங்கை ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் தொடங்கியதும், தூத்துக்குடி தொடங்கிக் குமரி வரையிலும், திருவனந்தபுரத்திலும்கூட, மாடிதோறும் நெட்டைக் குழாய்களில் ஏரியல்கள் முளைத்தன. கணக்குப்படி பார்த்தால் அது வரக்கூடாத படம். பிதுருதலாகலை மலை 2,524 மீட்டர் உயரம். அதன் உச்சியிலிருந்து பரவும் அலை, பூமியின் வளைவைக் கருதினால், ஏறத்தாழ 225 கிலோமீட்டரோடு கண்மறைய வேண்டும். திருவனந்தபுரமோ அங்கிருந்து 450 கிலோமீட்டர். எவ்வாறு வந்தது? வெப்பமான அமைதி நாள்களில் கடல்மீது ஈரக் காற்றும் அதன்மேல் உலர்ந்த காற்றும் அடுக்கடுக்காகப் படியும். அவ்விரண்டிற்கும் இடையே அலை ஒரு வாய்க்காலில் ஓடும் நீர்போல் வளைந்து ஓடிக் கரை சேரும். காற்றுக் கிளம்பினால் வாய்க்கால் உடையும், படம் பனிமூட்டமாகும். ‘இன்று சிலோன் தெளிவா?’ என்று அந்நாளில் மக்கள் வானிலை விசாரித்தது இதனால்தான். மலையாள நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும் தொலைக்காட்சி நிலையம் திருவனந்தபுரத்தில் 1985 ஜனவரி முதல் நாளில் தொடங்கியபின் அந்த நெட்டைக் குழாய்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கின் வீட்டு மாடியில் 1975-இல் நம் நாட்டு விண்வெளிப் பொறியாளர்கள் ஒரு பெருங்கிண்ணத்தை அமைத்துக் கொடுத்தனர். ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்கு அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியே கல்வி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்ட ஆண்டு அது. அவ்வூர்களில் நிறுத்தப்பட்ட கிண்ணங்கள் கோழிக்கூட்டுக்கு இடும் கம்பிவலையால் ஆனவை. பத்தடி அகலம், விலையும் குறைவு, காற்றும் புகுந்து போகும். நம் அன்பர் இச்செய்தியைப் படித்த நாளிலிருந்து எந்தக் கம்பிவலையைக் கண்டாலும் நின்று பார்க்கிறார் என்று அவர் துணைவியார் குறைப்படுகிறார்.

இனி அன்பரின் தலைசிறந்த சோதனைக்கு வருவோம். ஆக்ரிக் கடை என்று இவ்வூரார் கூறும் பழைய சாமான் கடையில், உள்ளே ஒன்றுமில்லாத வால்வு ரேடியோவின் மரப்பெட்டி ஒன்று 400 ரூபாய்க்குக் கிடைத்தது. அதனுள் உள்ளங்கையளவே உள்ள ராஸ்பெர்ரி பை என்னும் கம்ப்யூட்டரை வைத்து, வீட்டு இணையத்தோடு இணைத்தார். வெளியே இரண்டே குமிழ்கள். ஒன்று ஓசைக்கு, மற்றொன்று ஏழு நிலைகள் கொண்ட திருகு சுவிட்ச். முதல் நிலை திருநெல்வேலி, இரண்டாவது நாகர்கோவில், மூன்றாவது மதுரை, நான்காவது திருச்சி, ஐந்தாவது சென்னை, ஆறாவது திருவனந்தபுரம். அண்டை வீட்டு அம்மாள் வந்தால் அவர்களுக்கென்று அது. கண்ணாடிக்குப் பின்னே மஞ்சள் விளக்கு. சுவிட்சைப் போட்டபின் கம்ப்யூட்டர் விழித்தெழ அரை நிமிடம் ஆகும். இக்குறையை எவ்வாறு நீக்குவது என்று அன்பர் ஒரு வாரம் மூளையைக் கசக்கினார். அம்மையாரோ அதனைக் குறையாகவே கருதவில்லை. பழைய வால்வு ரேடியோவும் சூடேறிய பின்னரே பேசும் அன்றோ!

ஏழாவது நிலைதான் வீட்டார் அனைவரையும் கவர்ந்தது. கல்லிடைக்குறிச்சியிலிருக்கும் மகள் தம் கைப்பேசியில் டெலிகிராம் வழியே பேசி அனுப்பும் ஒலிச் செய்தி பெட்டிக்கு வந்து சேரும். வந்ததும் ஒரு சிவப்பு விளக்கு எரியும். குமிழை ஏழுக்குத் திருப்பினால் மகளின் குரல் கேட்கும். பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினால் மறுமொழி போய்விடும். அம்மையார் இதற்கு இட்ட பெயர் ‘கடுதாசி’. காலையில் எழுந்ததும் “கடுதாசி வந்திருக்கா?” என்பதே முதற் கேள்வி. இப்போது பேரனும் பேத்தியும் அத்தைக்குக் கடுதாசி அனுப்பப் போட்டியிடுகின்றனர். அத்தைக்குத் தமிழ் மட்டுமே தெரியும் என்பதால் தமிழில்தான் பேசியாக வேண்டும். சொல் தெரியாதபோது பாட்டியிடம் ஓடுகின்றனர். ஆனைக்கொம்பன் நெல்லென்றால் என்ன, தெப்பம் என்றால் என்ன என்றெல்லாம் அங்கே விளக்கம் நடக்கிறது. தமிழ் வகுப்பு ஒன்றிற்கு அனுப்பி ஆறு மாதத்தில் வாராத பேச்சு இந்தப் பொத்தானால் வந்ததென்பது அன்பரின் துணிபு. நமக்கும் அவ்வாறே தோன்றுகிறது. வகுப்பு வேண்டா என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது.

ஆயினும் சென்ற மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரமும் இணையமும் ஓரிரவு நின்றபோது, மரப்பெட்டி ஊமையாயிற்று; கைப்பேசிக் கோபுரமும் சிறிது நேரத்தில் கைவிட்டது. அப்போது மழைச் செய்தி சொன்னது சாக்குக்கட்டிக் கோட்டின்மேல் இருந்த சிறிய டிரான்சிஸ்டரே. அன்று முதல் இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. துலாவருஷ நாள்களில் பிற்பகல் இடி தொடங்குமுன்பே, வெளியே நீளும் ஏரியல் கம்பிகளையெல்லாம் ரேடியோவினின்று கழற்றிவிடுவது அவ்வீட்டு வழக்கம். இதனை மட்டும் யாரும் சோம்பலால் விட்டுவிடலாகாது.

கேட்பதற்கு உரிமம் வேண்டா; வானில் பேசுவதற்கு வேண்டும். தேர்வு எழுதி, அரசாங்கத்திடம் அழைப்புக்குறி பெற்றவர்களே அமெச்சூர் ரேடியோவில் பேசலாம். அன்பர் இப்போது அத்தேர்வுக்குப் படித்து வருகிறார். 2004 டிசம்பரில் அந்தமானில் அமெச்சூர் ரேடியோ இயக்கச் சென்றிருந்த பாரதி பிரசாத் அம்மையார், ஆழிப்பேரலையால் தொடர்புகள் அறுந்தபோது தம் கருவியால் தீவுக்கும் நாட்டிற்கும் இடையே செய்தி கடத்திய நிகழ்ச்சியை அவர் அடிக்கடி கூறுவார். ஆனால் அவரைத் தூண்டியது இன்னும் அருகிலுள்ள துயரம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, இக்கடற்கரை மீனவர்களும் குமரி மாவட்டத்து மீனவர்களும் கைப்பேசி எட்டாத ஆழ்கடலில் இருந்தனர். கரையில் எச்சரிக்கை இருந்தது. அது அவர்களிடம் செல்ல வழி இல்லை. பலர் திரும்பவில்லை. பின்னர் 2019-இல், செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் ‘ஜெமினி’ என்ற கருவி அறிமுகமாயிற்று. அதுவும் செய்தியைப் பெறவே வல்லதாய் இருந்தது. படகிலிருந்து மறுமொழி கூற இயலவில்லை. கேட்க மட்டும் முடிந்து பேச முடியாதிருப்பது எத்தகையது என்பதைத் தம் தாயாரிடம் கண்டவர் அன்பர். கடலில் அது உயிரையே கேட்கும் என்கிறார்.

தற்சமயம் அவர் கைவைத்திருப்பது நாகர்கோவில் பண்பலையில். தென்கிழக்கே எழுபத்தைந்து கிலோமீட்டர். மலைத்தொடர் அத்திசையில் சற்று விலகி நிற்கிறது. அலை 101.0 மெகாஹெர்ட்ஸ். திருவனந்தபுரத்துப் பண்பலையோ 101.9. மீண்டும் அதே நெருக்கம், அதே உள்ளூர்ப் பேரோசை. இணையத்தில் தெளிவாக வரும்போது இதற்கு ஏன் இத்தனை பாடு என்று நாம் வினவினோம். “தண்ணிக் குழாய் இருக்குன்னு கிணத்தை மூடிட்டா எப்படி?” என்று திருப்பிக் கேட்டார். அலுமினியக் குழாய்களை ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் வெட்டி, ஐந்து கம்பி ஏரியல் ஒன்றைச் செய்து முடித்துவிட்டார். அதனை மொட்டைமாடியில் ஏற்ற ஒரு குழாய் நட வேண்டும். அதற்குக் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் கொடுத்து மூன்று மாதமாகிறது. அதுவரை அந்த ஏரியல் பால்கனியில், நாகர்கோவிலை நோக்கியபடி, துணி உலர்த்தும் கொடிக்கு ஒரு முனையாக நிற்கிறது. அம்மையார் அதில் தம் ஈரத் துண்டை மட்டும் போடுவதில்லை.